ஆம்ப்ளிஃபயர் வெச்ச இடம்

ஏனுங்க்கா, சீட் கவருக்கு அளவு எடுத்தாச்சு, கலரும் சொல்லிட்டீங்க, அதெல்லாம் சரி. பின்சீட்டுல ஒரு ஆம்ப்ளிஃபயர் டப்பா கிடக்குதே, அதை எங்க வெக்கறதா இருக்கீங்க?

முன்சீட்டுக்கு அடியிலயா? யாரு சொன்னாங்க, எதிர்க்கடையிலயா?

அப்படீன்னா உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. ஃபோம் கட்டு மேல பாப்பா தூங்கறா, மெதுவாப் பேசிக்கலாம். டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரி. கதை கொஞ்சம் நீளம், அதான் கேட்டேன்.

சீட் கவர் தெக்கறவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நினைக்காதீங்க. சீட்டைக் கழட்டி வெளிய வெச்சாத்தான் எனக்கு வேலையே ஆரம்பிக்கும். சீட்டுக்கு அடியில என்ன கிடக்குதுன்னு வண்டிக்காரரை விட எனக்குத்தான் நல்லாத் தெரியும். சீப்பு, புள்ளைங்க தொலைச்ச கொலுசு, காஞ்சுபோன வடை. ஒரு வண்டியில கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டே கிடந்ததுங்க. அந்தக் கல்யாணம் முடிஞ்சு அவங்களுக்குப் புள்ளையே பொறந்திருக்கும்.

ஆம்ப்ளிஃபயருங்கறது பாட்டுப் பொட்டி இல்லைங்க்கா, அடுப்பு. அதுக்கு மேல வரி வரியா அலுமினியம் இருக்குது பாருங்க, அது அழகுக்கில்லை, சூடு வெளிய போறதுக்கு. அதைச் சீட்டுக்கு அடியில தள்ளி, மேல கால்மிதி மேட்டையும் போட்டு மூடினா சூடு எங்க போகும்? இட்லிக் குண்டாவுக்கு மூடி போட்டு மேல அம்மியைத் தூக்கி வெச்ச கணக்குதான். சீட்டுக்கு அடியில வெக்கவே கூடாதுன்னு நான் சொல்லலை. காத்து ஓடோணும், ஈரம் படக்கூடாது, சீட்டை முன்ன பின்னத் தள்ளுனா ஒயர் மாட்டக் கூடாது. உங்க வண்டியில இடது பக்க மேட்டைத் தொட்டுப் பார்த்தேன், நசநசன்னு இருக்குது. ஏசித் தண்ணி இறங்குது. அங்க கொண்டுபோய் வெக்கலாமா?

டிக்கியில பக்கவாட்டுச் சுவர் இருக்குதில்லீங்க, அங்க ஒரு பிளைவுட் பலகையை நிறுத்தி, அந்தப் பலகையில மாட்டச் சொல்லுங்க. சுத்தி நாலு விரல் இடம் விடச் சொல்லுங்க. ஸ்பீக்கர் பொட்டி மேலயே மாட்டறேம்பாங்க, ஒத்துக்காதீங்க. அது அதிர்ற அதிர்வுல ஸ்க்ரூவெல்லாம் ஒவ்வொண்ணா நடந்து வெளிய வந்துடும். பேட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃப்யூஸ் இருக்குதான்னு நீங்களே பானெட்டைத் தூக்கிப் பாருங்க.

அந்த எதிர்க்கடைக்காரரு வேற யாருமில்லைங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா வீட்டுக்காரரு. கனகராஜுன்னு பேரு, காருக்குப் பாட்டு செட்டு விக்கறதும் மாட்டறதுமா கடை. எனக்கு அண்ணன் முறை. நான் ரெண்டு வருசம் அந்தக் கடைக்குள்ளயே மிஷின் போட்டு உக்காந்து தெச்சவதான். இப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன். அவரு கல்லாவுல உக்காந்து தலையைத் தூக்குனா என் போர்டு தெரியோணும், அதுக்குன்னே இந்த ரூமைத் தேடினேன். ஆறு மாசம் எப்படா காலியாகும்னு காத்திருந்து புடிச்சேன். பழி வாங்கறதுக்கான்னு கேட்டீங்கன்னா, ஆமாங்க. அதுல என்ன ஒளிவு மறைவு?

எங்கூட்டுக்காரரு மயில்சாமி வாடகைக்கு ஓட்டறதுக்குன்னு ரெண்டாம் கை வண்டி ஒண்ணு வாங்குனாரு. அப்பப் பாப்பாவுக்கு எட்டு மாசம். அக்கா வீட்டுல வண்டி வாங்கிட்டாங்கன்னு என் தம்பி பூபதிக்கு ஒரே சந்தோசம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில கட்டிங் பார்க்கறான். தீபாவளி போனஸுல ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பொட்டியும் வாங்கி, தட்டத்துல தேங்காய் பழம் வெத்தலையோட வெச்சுக் கொண்டாந்தான். பார்த்திருக்கீங்களா, ஆம்ப்ளிஃபயருக்குச் சந்தனம் குங்குமம் வெச்சு? அவன் வெச்சான். "மச்சான் வண்டிக்கு என்னோட சீருங்க"ன்னான். அப்பா இல்லாத வீடுங்க எங்களுது. எனக்குச் சீர் வெக்கறதுன்னா அவன் ஒருத்தன்தான்.

கனகராஜண்ணனுக்கு அப்பவே மூஞ்சி சரியில்லை. "நம்ம கடை இருக்கறப்ப எதுக்கு வெளியில வாங்குனது?"ன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. அவரு எல்லாத்தையும் சிரிச்சுக்கிட்டேதான் கேப்பாரு. மாட்டிக் குடுங்கண்ணான்னு நான்தான் சொன்னேன். ஒரு மணி நேரங்கூட ஆகலை, முன்சீட்டுக்கு அடியில திணிச்சு, மேட்டைப் போட்டு மூடி, "ஆச்சு அம்முணி, கண்ணுக்கே தெரியாது பாரு"ன்னாரு. தெரியலைதான்.

ஒரு மாசம் பாடுச்சு. அப்புறம் பழனிக்குப் போயிட்டு வர்ற வழி, நல்ல மத்தியான வெயிலு. நான் பாப்பாவை மடியில வெச்சுட்டு அந்த முன்சீட்டுலதான் உக்காந்திருக்கேன். ரப்பர் கருகற வாசம். வெளிய யாரோ டயர் எரிக்கறாங்கன்னு நினைச்சு நான் கண்ணாடியை ஏத்திவிட்டேன் பாருங்க, புத்திசாலி. காலுக்கடியில சுடுது, அப்புறந்தான் குனியறேன், புகை. எங்கூட்டுக்காரரு ஓரங்கட்டறதுக்குள்ள கதவைத் திறந்துட்டுக் குதிச்சேன். புள்ளைக்கு ஒண்ணுமில்லை. மேட்டு உருகி என் செருப்போட அடியில ஒட்டிக்கிட்டு வந்துது.

இதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேனுங்க. தப்பு எல்லாருக்கும் வரும். நானே ஒரு தடவை ஒரு டாக்டரோட வண்டிக்கு இடது சீட்டு கவரை வலதுக்குத் தெச்சுக் குடுத்திருக்கேன்.

அடுத்த வாரம் பங்காளி வீட்டுல ஒரு வளைகாப்பு. சொந்தம் முழுக்க வந்திருந்தாங்க. பந்தியில பூபதி உக்காந்திருக்கறான், ரசத்தை ஊத்திப் பிசைஞ்சுட்டிருக்கறான். கனகராஜண்ணன் அப்பள வாளியோட வந்தாரு. நின்னாரு. "என்ன பூபதி, சீருன்னு சொல்லி டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டியே சாமி. பழைய இரும்புக் கடையில புடிச்சதா? அக்கா புள்ளையைக் கொளுத்தப் பார்த்தியேப்பா!"ன்னாரு. பந்தியே சிரிச்சுதுங்க. அந்த வரிசையில ஒரு நாப்பது பேரு, எதிர்வரிசையில ஒரு நாப்பது பேரு. எங்கூட்டுக்காரரு கூடச் சிரிச்சாரு. அப்புறம் கேட்டா, "எல்லாரும் சிரிச்சாங்களேன்னு சிரிச்சேன்"ங்கறாரு.

நான் பாயசத் தூக்கோட நாலு இலை தள்ளி நிக்கறேன். பூபதி பிசைஞ்ச சோத்தை அப்படியே விட்டான். இலையை மடிச்சான், எந்திரிச்சான், கை கழுவுனான், போயிட்டான். பாயசம் அவன் இலைக்கு வரவே இல்லை.

அதுக்கப்புறம் எங்கூட்டுப் படி ஏறலைங்க அவன். போன்ல பேசுவான், பஸ் ஸ்டாண்டுல வந்து புள்ளையைப் பார்த்துட்டுப் போவான். வீட்டுக்கு வாடான்னா, "அங்க அவங்கெல்லாம் வருவாங்களேக்கா"ம்பான். எங்க பக்கம் புள்ளைக்குக் காது குத்தறதுன்னா ஒத்தப்படை வயசுல குத்தோணும், தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். மாமன் வரலைன்னா காது குத்தே இல்லை. ஒரு வயசுல குத்தறதா இருந்தது, நின்னு போச்சு. இனி மூணுல விட்டா அஞ்சுதான். மூணு வயசுப் புள்ளை மூளிக்காதோட திரிஞ்சா நாலு பேரு கேக்காம இருப்பாங்களா?

நான் அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஒரே ஒரு பேச்சு. அதே சனங்க முன்னால, அதே மாதிரி பந்தியில, அவரு வாயால வரோணும். 'பூபதி குடுத்தது நல்ல சரக்கு, நான்தான் தப்பான இடத்துல வெச்சேன்.' அவ்வளவுதான் எனக்கு வேணும். மிஷினைத் தூக்கிட்டு அந்தக் கடையை விட்டு வெளிய வந்துட்டேன்.

கருகின ஆம்ப்ளிஃபயரைத் திருப்பூர்ல ரிப்பேர் பண்ற சலீம் பாய்கிட்டக் கொண்டு போனேன். பிரிச்சுப் பார்த்துட்டு, "இது ஒரிஜினல்மா. மூச்சு முட்டிச் செத்துப் போயிருக்குது"ன்னாரு. எனக்கு அங்கயே அழுகை வந்துடுச்சு. ஆம்ப்ளிஃபயருக்கு அழுத பொம்பளை நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். அப்புறம் அவரோட வேனுக்கு சீட் கவர் தெச்சேன். ஒரு வாரம் தெச்சேன். தெச்சுக்கிட்டே கேட்டுக் கேட்டு எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸுக்கு வாத்தியாரே கிடையாது, பன்னெண்டாவது வரைக்கும் புரியாத கரண்டு பாடமெல்லாம் அந்த வேனுக்குள்ள புரிஞ்சுதுங்க.

அப்புறம் இந்த ரூமுக்கு வந்தேன். எதிர்க்கடைக்கு ஆம்ப்ளிஃபயரோட யாரு வந்தாலும் அவங்களை இந்த ஸ்டூல்ல உக்கார வெச்சிருக்கேன். பொய் ஒண்ணு சொன்னதில்லை. எங்க வெக்கலாம், எங்க வெக்கக்கூடாது, அவ்வளவுதான் சொல்வேன். அவங்க ரோட்டைத் தாண்டிப் போய் அவருகிட்டக் கேக்கறதை இங்கிருந்தே பார்ப்பேன். "ஏங்க, ஃப்யூஸ் எங்க? ஏங்க, காத்து எப்படிப் போகும்?" அவரு என் போர்டைப் பார்ப்பாரு. நான் கையை ஆட்டுவேன். ஒரு அண்ணனுக்குத் தங்கச்சி கையை ஆட்டக் கூடாதுங்களா?

அண்ணி, எங்கூட்டுக்காரரோட அக்கா, ராதாமணின்னு பேரு, நல்ல மனுசி. அவங்க ஒரு நாள் புது ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு கொண்டாந்து இதே மேசை மேல வெச்சாங்க. "அவரு வாய்தான் அப்படி கோகிலா, மனசுல ஒண்ணும் இருக்காது. இதை வெச்சுக்க, பூபதியை வரச் சொல்லு, புள்ளைக்குக் காது குத்து"ன்னாங்க. நான், "பந்தியில வாங்குன மானத்தை டப்பாவுல வெச்சுக் குடுத்தா எப்படி அண்ணி? பந்தியிலயே குடுக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லித் திருப்பி விட்டுட்டேன். அப்புறம் அவரே பூபதிக்குப் போன் போட்டுப் பேசியிருக்காரு. பூபதி என்கிட்டச் சொல்றான், "அவரு பேசிட்டாருக்கா. எனக்கு மனசு சரியாயிடுச்சு. நாள் பாரு, நான் வர்றேன்"னு. எனக்கு வந்தது பாருங்க கோவம். "போன்ல சொன்னது உன் காதுக்கு மட்டுந்தாண்டா கேட்டுது, அந்த எம்பது பேருக்குக் கேட்டுதா? உன் மானம் முதல்ல வரட்டும், அப்புறம் நீ வா"ன்னு போனை வெச்சுட்டேன். ரெண்டு தடவை நல்ல நாள் பார்த்தாரு எங்கூட்டுக்காரரு. ரெண்டையும் நான்தான் தள்ளிப் போட்டேன். அவனுக்காகத்தானேங்க.

கேளுங்க, இனிமேத்தான் விசயமே.

போன மாசம் எங்கூட்டுக்காரரு ஊர்ல மாரியம்மன் நோம்பி. சொந்தபந்தம் அத்தனை பேரும் வந்தாங்க, அதே எம்பது பேரு. கனகராஜண்ணன் புதுக் காரு வாங்கியிருந்தாரு. வெள்ளை வண்டி, சாமந்தி மாலை, நோம்பிக்குன்னே டேங்கு முட்ட பெட்ரோல். கோயிலுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்தி, டிக்கியைத் திறந்து வெச்சுப் பாட்டுப் போட்டாரு. உறுமிக்காரங்க கோவிச்சுக்கிட்டு ஓரமாப் போய் உக்காந்துட்டாங்க.

நானும் போய்ப் பார்த்தேன். சும்மா இல்லை, தொழில்காரி பார்வை. டிக்கித் தரையில நட்ட நடுவுல ஆம்ப்ளிஃபயர், நீல லைட்டு, நாலு மூலைக்கு நாலு ஸ்க்ரூ. நெட்ட ஸ்க்ரூ. அந்த மாடல் வண்டிக்குப் போன வருசம் மட்டும் பதினோரு செட்டு தெச்சிருக்கேன். மெக்கானிக் தூக்கி நிறுத்தியிருந்தப்ப அடியில போய்ப் பார்த்துமிருக்கேன். அந்தத் தகரத்துக்குக் கீழதான் பெட்ரோல் போட்டா டேங்குக்குப் போற ரப்பர்க் குழாய் இருக்குது. துளை போடறவன் முதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பார்க்கோணும். நம்ம அண்ணனுக்குத் தொந்தி குனிய விடாது.

பாப்பா செருப்பு உள்ள போயிடுச்சுன்னு சொல்லிட்டு அடியில குனிஞ்சேன். ஒரு ஸ்க்ரூவோட மூக்கு அந்தக் குழாயிலயே இறங்கி நிக்குது. அதைச் சுத்தி ஈரமா மினுங்குது, தூசி ஒட்டியிருக்குது. வாசமும் வருது. பேட்டரியிலிருந்து வர்ற சிவப்பு ஒயரு டிக்கித் தகரத்தோட ஓரத்துல உரசிக்கிட்டுக் கிடக்குது. பானெட்டையும் திறந்து காட்டிட்டிருந்தாரா, எட்டிப் பார்த்தேன், ஃப்யூஸும் இல்லை.

எந்திரிச்சு நின்னேன் பாருங்க, அப்ப மணி எட்டரை. எனக்கு மாரியாத்தாளே நேர்ல வந்து கையில குடுத்த மாதிரி இருந்துது.

உடனே சொல்லியிருக்கலாம். சொன்னா என்ன ஆகும்? மனுசன், "அப்படியா அம்முணி"ன்னு கேட்டுட்டு, ஓரமா ஓட்டிட்டுப் போய்க் கழட்டிட்டு வந்து, மறுபடி சிரிச்சுட்டு நிப்பாரு. யாருக்கும் தெரியாது. பதினொண்ணரைக்குப் பந்தி. எல்லாரும் இலையில உக்கார்றப்ப, அவரு அப்பள வாளியைத் தூக்கறப்ப, நான் போய் நிப்பேன். "அண்ணா, டிக்கிக்கு அடியில கொஞ்சம் எல்லாருமா வந்து பார்க்கலாமா?"ன்னு கேப்பேன். என்ன பேசறது, எங்க நிறுத்தறது, எல்லாம் மனசுக்குள்ள ஓட்டிப் பார்த்துட்டேன். மூணு மணி நேரம்தானேங்க. நின்னுட்டிருக்கற வண்டிதானே.

அன்னிக்கு நான் செஞ்ச வேலையை நீங்க பார்த்திருக்கோணும். மாவிளக்குக்கு இடிச்சேன், பூ கட்டுனேன், எல்லார்கிட்டயும் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனேன். "என்ன கோகிலா, இன்னிக்கு மூஞ்சியே பளபளன்னு இருக்குது?"ன்னு பெரிய மாமியார் கேட்டாங்க. அண்ணியோட புள்ளைங்க ரெண்டும், பொண்ணுக்கு எட்டு வயசு, பையனுக்கு ஆறு, டிக்கிக்குள்ள ஏறி உக்காந்துட்டு ஆடுதுங்க. மத்த புள்ளைங்களும் ஏறி இறங்குதுங்க. எங்க பாப்பாவும் போய் நின்னுட்டா. அவளை மட்டும் ரெண்டு தடவை தூக்கிட்டு வந்து பிஸ்கட் குடுத்து இந்தப் பக்கம் உக்கார வெச்சேன்.

பூசை இழுத்துடுச்சுங்க. பன்னெண்டு ஆச்சு. இலை போட ஆரம்பிச்சாங்க, நான் சாம்பார் வாளியைத் தூக்கிட்டேன். முதல் வரிசை உக்காந்தாச்சு. கனகராஜண்ணன் எங்கன்னு பார்க்கறேன், காணோம். பாட்டுச் சத்தம் மட்டும் கேக்குது. ஆனா கோயில் முன்னால இருந்து இல்லை, தள்ளிப் போகுது.

"அண்ணன் எங்கீங்க?"ன்னேன். "புள்ளைங்க ஒரே அழும்பு, ஐஸ் வாங்கிக் குடுத்துட்டு ஒரு ரவுண்டு கூட்டிட்டு வர்றேன்னு போறாரு"ன்னு யாரோ சொன்னாங்க. "உம்பொண்ணுந்தான் போயிருக்கறா. ராதாமணி பொண்ணு இடுப்புல தூக்கிட்டுப் போச்சு."

வாளி எங்க விழுந்துதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரு வேட்டியில சாம்பாருன்னு அப்புறம் சொன்னாங்க. செருப்பு இல்லை, கோயிலுக்குப் பொறகால இருக்கற சந்துல ஓடுனேன். கத்திக்கிட்டே ஓடுனேன். நோம்பிக் கூட்டம், தெருவுல பலூன்காரன், வளையல்காரன், வண்டி மெதுவாத்தான் நகரோணும், அது ஒண்ணுதான் நல்ல காலம். வாய்க்கால் மேட்டுத் திருப்பத்துல வண்டிக்கு முன்னால போய் விழுந்த மாதிரி நின்னேன். "ஆஃப் பண்ணு! சாவியைப் புடுங்கு! எல்லாத்தையும் ஆஃப் பண்ணு!"ன்னு கத்துனேன். அண்ணன்னு கூடச் சொல்லலை, நீ வா போன்னுதான் கத்தியிருக்கேன். கதவைத் திறந்து ஒவ்வொண்ணா இழுத்து வெளிய போட்டேன். எட்டுப் புள்ளைங்க. பாப்பாவை மூணாவதாத்தான் எடுத்தேன், கைக்குக் கிடைச்ச வரிசையிலதான் எடுத்தேன். அதை மட்டும் நீங்க நம்போணும்.

எங்கூட்டுக்காரரு பின்னாலயே ஓடி வந்துட்டாரு. சனங்களும் வந்துட்டாங்க. அவரு அடியில குனிஞ்சு பார்த்தாரு. மேட்டுல வண்டி குலுங்குனதுல பெட்ரோல் சொட்டுச் சொட்டா மண்ணுல விழுந்துட்டிருந்துது. சிவப்பு ஒயருக்குத் தோல் கிழிஞ்சு செம்பு வெளிய தெரியுது, தகரத்தைத் தொடறதுக்கு ஒரு நூல் இடைவெளி. "ஒரு பொறி போதும்"னு அவரு சொன்னாரு.

கனகராஜண்ணன் அப்படியே ரோட்டுல உக்காந்துட்டாரு. புதுச் சட்டையோட மண்ணுல உக்காந்துட்டாரு. நான் போய் முன்னால நின்னேன். மூச்சு வாங்குது, ஆனா மறக்கலை. "சொல்லுங்கண்ணா"ன்னேன். "என்ன அம்முணி?"ன்னாரு. "பூபதி குடுத்தது எப்பேர்ப்பட்ட சரக்கு? சொல்லுங்க." "நல்ல சரக்கும்மா. நான்தான்... வெச்ச இடம் தப்பு"ன்னாரு. "கேக்கலை"ன்னேன். மறுபடி சொன்னாரு. "இங்க இல்லை, பந்தியில வந்து சொல்லுங்க"ன்னு கூட்டிட்டுப் போனேன். வந்தாருங்க! கையைக் கட்டிட்டு நின்னு சொன்னாரு. பந்தியில பாதி இலை காலியாத்தான் கிடந்தது, சாப்புடற மனசு யாருக்கும் இல்லைன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. இருந்தவங்க கேட்டாங்கல்ல, எனக்கு அது போதும். ரெண்டு வருசங்க்கா! அன்னிக்கு எனக்கு உடம்பெல்லாம் காத்தாட்டம் ஆயிடுச்சு.

அப்பத்தான் அண்ணி வந்தாங்க. ரெண்டு புள்ளைங்களையும் ரெண்டு பக்கம் அணைச்சுப் புடிச்சிருக்காங்க. "கோகிலா, ஓடி வந்தியே, உனக்கு எப்படித் தெரியும்?"னாங்க. "நான்தான் அடியில குனிஞ்சு பார்த்தேனே அண்ணி." "எப்பப் பார்த்தே?" நான் பொய் சொல்ல மாட்டேனுங்க, "காலையில"ன்னு சொன்னேன். அண்ணி புள்ளைங்களை இன்னும் இறுக்கிப் புடிச்சாங்க. "அதுதான் உம்புள்ளையை மட்டும் தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போனியா?"ன்னாங்க.

என்ன கேள்வி பாருங்க. ஓடி வந்து நிறுத்துனது யாரு? எட்டுப் புள்ளைங்களையும் வெளிய எடுத்துப் போட்டது யாரு? தப்பான இடத்துல வெச்சவரை விட்டுட்டு, பார்த்தவளைப் போய்க் கேக்கறாங்க. எங்கூட்டுக்காரரு அன்னிக்கு வீடு வந்து சேர்ற வரைக்கும் வாயைத் திறக்கலை. ஓடி வந்த அலுப்புன்னு நினைச்சேன். மறுநாளும் பேசலை.

அதெல்லாம் போகட்டும். போன புதன்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தியாச்சுங்க! பூபதி வந்தான். தோடு, பட்டுப்பாவாடை, சீர்த்தட்டம் பதினொண்ணு. எங்கூட்டுப் படி ஏறுனான், நான் ஆரத்தி எடுத்தேன். அவன் மடியில பாப்பா உக்காந்துட்டா, ஆசாரி குத்தறப்ப இவ கத்துன கத்துல அவனும் அழுதுட்டான். கனகராஜண்ணன் அவனுக்கு அவரே இலை போட்டுப் பரிமாறுனாரு. பாயசம் ரெண்டு தடவை ஊத்துனாரு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். அண்ணி வந்தாங்க, தட்டத்தை வெச்சாங்க, உடனே கிளம்பிட்டாங்க. புள்ளைங்களைக் கூட்டிட்டு வரலை. பரீட்சையாம். லீவுல என்ன பரீட்சையோ, அந்த ஸ்கூலுல எல்லாமே தலைகீழ்.

உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, இப்ப எனக்கு அவரு மேல கோவமே இல்லைங்க. இந்த ஸ்டூலுக்கு யாராவது வந்தா, தெரிஞ்சதைச் சொல்றேன். அவ்வளவுதான்.

ஒண்ணுதான் புரியலை. பூபதி கிளம்பறப்ப நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். வழியெல்லாம் நான்தான் பேசிட்டு வந்தேன், வாய்க்கால் மேட்டுல எப்படி நிறுத்துனேன், பந்தியில எப்படிச் சொல்ல வெச்சேன், எல்லாம் ஒண்ணு விடாம. அவன் உம் கொட்டிட்டே வந்தான். சந்தோசப்படுவான்னு பார்த்தேன். பஸ்ஸு வந்துடுச்சு. ஏறிட்டான், மறுபடி இறங்கி வந்தான். பாப்பா என் தோள்ல தூங்கிட்டிருந்தா, அவ காதுல மஞ்சள் பூசியிருந்ததை விரலால தொட்டுப் பார்த்தான். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமயே சொன்னான்:

"அக்கா, இவ பெரியவளாகி என்னிக்காச்சும் இந்தக் கதையைக் கேட்டாள்னா, அந்த மூணு மணி நேரம் நீ பேசாம இருந்தது இந்த மாமனுக்காகத்தான்னு மட்டும் இவகிட்டச் சொல்லிடாதேக்கா."